மூன்று நாள் பத்தியம்

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, முழங்கையை மடக்கியபடி நானும் கஸ்தூரியும் லேப் படியில் இறங்குவோம். மணி ஏழுகூட ஆகியிருக்காது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்காரம்மாக்கள் அப்போதுதான் சாக்கை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. அதற்கு முன் மூன்று நாள் பாகற்காயும் கோதுமைக் கஞ்சியும்.

எதிர்ச் சாரி ஹோட்டலுக்குப் போய் உட்காரும் வரை இரண்டு பேருக்கும் பேச்சு வராது. பரிமாறுகிறவருக்கு எங்களைத் தெரியும். கேட்காமலே நெய் மினுமினுக்கும் பொங்கல் வரும். ஆளுக்கு இரண்டு வடை. கடைசியில் ஆளுக்கொரு ஜாங்கிரி, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி. கையிலிருந்த பஞ்சை இலை ஓரத்தில் போட்டுவிட்டு கஸ்தூரி சொல்வாள்: “ஆடிட் முட்ஞ்சிபோச்சுக்கா.”

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இது நடக்கும். சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்று லேப் பெண் சொல்லுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிடுவோம். நாலு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நாங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டோம்.

இந்தத் தொடரில் ஊரார் கோணல்களையே எழுதுகிறீர்களே, உங்கள் கோணல் ஒன்றுகூடவா இல்லை என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். கேட்டது நியாயம். இந்த வாரம் என்னுடையதை எழுதுகிறேன்.

சோப்பு வரும் நாள்

சர்க்கரைப் பரிசோதனைக்கு ஆடிட் என்று பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கல்யாணமாகித் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கராகச் சேர்ந்தேன். தைத்து முடிந்த சட்டைகள் என் மேஜைக்கு வரும். பிசிறு, விட்டுப்போன தையல், கோணல் காலர் எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பிறத்தியார் குறையைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். எனக்குத் தோதான வேலைதான்.

கஸ்தூரி துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்தாள். பக்கத்து மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட ஒரு வயது சின்னவள். முதல் வாரமே அவள் தைத்ததில் பதினொரு சட்டையைத் திருப்பி அனுப்பினேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தாள். ஒரு ஸ்டிக்கரை உரித்து என் மூக்கின் மேல் ஒட்டினாள். “இதுகூடத்தான் கோணலா கீது. திருப்பி அனுப்புறதுதான” என்றாள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்று மத்தியானத்திலிருந்து இரண்டு பேர் டிபன் பாக்ஸும் ஒரே இடத்தில்தான் திறந்தது.

வெளிநாட்டிலிருந்து சட்டை வாங்கும் பையர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால் மூன்று நாளைக்கு முன்பே கம்பெனி ஆளே மாறிவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்து உட்காரும். பாத்ரூமில் புது சோப்பு, கை துடைக்கத் துண்டு. வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன மறுநாள் சோப்பும் இருக்காது, துண்டும் இருக்காது.

ஒரு தடவை அந்த சோப்பு ஆடிட் நடக்கும்போதே காணாமல் போய்விட்டது. சூப்பர்வைசர் கத்தினார். கஸ்தூரி அசரவில்லை. நாளைக்கு அவர்கள் எடுக்கப்போவதை இன்றைக்கு நான் எடுத்தேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

இருபது வருஷம் அந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பரிசோதனை என்றால் என்ன புரியும்? யாரோ வருகிறார்கள், மூன்று நாள் ஒழுங்காக இருக்க வேண்டும். அவ்வளவுதான் புரியும்.

பன்னும் டீயும்

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி நாங்கள் மேனாம்பேட்டில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம் அவர் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் புனேயிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு நான் அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு எதற்குக் குழம்பு என்று பன்னும் டீயுமாக ஓட்டினேன். கதவைத் திறந்து வெளியே வர மனம் வராது. கீழே ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் கம்பெனி வண்டி ஏறும் சத்தம் கேட்டால் மணி என்ன என்று தெரிந்துகொள்வேன். வாழ்க்கை அவ்வளவில் சுருங்கிக் கிடந்தது.

கஸ்தூரி அதற்குள் குமணன்சாவடியில் மகன் பிரபுவின் வீட்டுக்குப் போய்விட்டாள். அவனுக்கு ஐ.டி. வேலை, மருமகளுக்கும் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. ஒரு நாள் பஸ் மாறி பஸ் ஏறி வந்து நின்றாள். அவளுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களாம், டாக்டரிடம் போகத் துணைக்கு வா என்றாள். துணைக்குப் போன இடத்தில் எனக்கும் ரத்தம் எடுக்கவைத்தாள். எனக்கும் இருந்தது, அவளைவிடக் கொஞ்சம் குறைவாக.

டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். பொறுமையாக எல்லாம் சொன்னாள். அரிசியைக் குறையுங்கள், தினமும் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள். இரண்டு பேரும் தலையாட்டினோம். மூன்று மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அப்போது அந்த யோசனையைச் சொன்னவள் நான்தான். ஆடிட்டுக்கு எத்தனை நாள் வெள்ளை அடிப்பார்கள் என்று கஸ்தூரியிடம் போனில் கேட்டேன். அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் பத்தியம் இருந்தோம். மாத்திரையை வேளை தவறாமல் போட்டோம். ரிப்போர்ட் அப்படியே பளிச்சென்று வந்தது. டாக்டர் வெளியே காத்திருந்தவர்களிடம் எங்களைக் காட்டி, இந்த அம்மாக்களைப் பாருங்கள் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்த ஹோட்டலுக்கு முதல் முதலாகப் போனோம். ஒரு தட்டுப் பொங்கலை நான் முழுசாகச் சாப்பிட்டேன். கஸ்தூரி தன் இலையைப் பார்க்காமல் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, இன்னொரு வடை சொல்லவா என்றாள்.

ஏமாற்ற முடியாத டெஸ்ட்

இரண்டு வருஷம் போனதும் டாக்டர் புதிதாக ஒரு பரிசோதனை எழுதினாள். அது என்ன என்று லேப் பெண்ணிடம் கேட்டேன். கடந்த மூன்று மாதம் உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அந்த ரத்தம் காட்டிவிடும், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாள்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஆடிட் அது. சோப்பு வைக்க நேரம் கொடுக்காது.

டாக்டரிடம் தனியாக, அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அதற்கடுத்த தடவைகளிலும் அதையே சொன்னேன், பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். கஸ்தூரியிடம் அந்த டெஸ்ட் நமக்குத் தேவையில்லையாம் என்று சொல்லிவிட்டேன். இது வாய் தவறி வந்ததில்லை, மறதியும் இல்லை. தெரிந்தே சொன்ன பொய். பாராட்டு போய்விடும், பொங்கல் போய்விடும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் அந்த ஒரு காலை போய்விடும் என்று பயந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எனக்குச் சர்க்கரை கொஞ்சம்தான், நடுநாட்களில் மாத்திரையும் போடுவேன். கஸ்தூரி அப்படியில்லை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே என்று அவள் மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுவாள்.

வலி இல்லாத புண்

அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து வந்த மழையில் குமணன்சாவடியில் அவர்கள் தெருவில் ஒரு வாரம் தண்ணீர் வடியவில்லை. பேரனை ஸ்கூல் வேன் வரை தூக்கிக்கொண்டு கஸ்தூரி அந்தத் தண்ணீரில்தான் போய்வந்தாள். செருப்பு வார் வலது கால் பெருவிரல் பக்கம் கடித்துவிட்டது. நான் ஒரு நாள் போனபோது என்னிடம் காட்டினாள். புண் பெரிதாகத்தான் இருந்தது. அதை அவளே விரலால் அழுத்திக் காட்டினாள்.

“பாருக்கா, வலியே இல்ல. எங்கம்மா ஒடம்பு எனக்கு, இரும்பு.”

நானும் ஆமாம் என்றேன். வலி இல்லை என்றால் நல்லது என்றுதானே யாரும் நினைப்பார்கள். காலில் உணர்ச்சியே போய்விட்டது, அதனால்தான் வலிக்கவில்லை என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக்கொண்டாள். மகனுக்குத் தெரிந்தால் லீவு போட்டுவிடுவான் என்று சாக்ஸ் மாட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஆடிட் நாள் வந்தது. ஹோட்டலில் உட்கார்ந்திருந்தபோது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. பக்கத்தில் சாக்கடை அடைத்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். காபி குடித்து முடிக்கும்போது எனக்கு ஏதோ பட்டது. குனிந்து அவள் சாக்ஸைக் கழற்றினேன். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன.

அப்படியே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். பிரபுவுக்கும் போன் போட்டேன், அவனும் வந்துவிட்டான். டாக்டர் காலைப் பார்த்தாள். பிறகு ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறதே, இந்தக் கால் இப்படி ஆகியிருக்கவே கூடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் சொன்னேன். மூன்று நாள் பத்தியம், பாகற்காய், ஹோட்டல், எல்லாவற்றையும் அவள் மகன் முன்னாலேயே சொன்னேன். அந்த மூன்று மாத டெஸ்ட் விஷயத்தை மட்டும் அப்போதும் முழுங்கிவிட்டேன்.

டாக்டர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

“இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுதான் போன வருஷம் இவங்க மாத்திரையைக் குறைச்சேன்மா.”

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தாள். அங்கே, சீழ் எலும்பு வரை போயிருக்கிறது, கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்குமா விரல்களோடு நிற்குமா என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும் என்றார்கள். பிரபு என் பக்கம் திரும்பினான். சின்ன வயதில் என் மடியில் தூங்கிய பிள்ளை. “ஆன்ட்டி, நீங்க வீட்டுக்குப் போங்க” என்றான். குரலை உயர்த்தவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

அந்த இரண்டு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை. பாதம் தப்பியது. இரண்டு விரல் போயிற்று.

லிஃப்டிலிருந்து மாடிப்படி வரை

ஒரு மாதம் நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எந்த முகத்தோடு போவது? ஒரு நாள் காலையில் போன் வந்தது.

“இன்னாக்கா, ஆளையே காணோம். வெரலு பூட்டது எனக்கு. நீ இன்னாத்துக்கு மொடங்கிகினு கீற?”

மறுநாளே போனேன். அதிலிருந்து தினமும் போனேன். பெருவிரல் இல்லாவிட்டால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் அபார்ட்மென்ட் நடைபாதையில் லிஃப்டிலிருந்து மாடிப்படி வரை நடப்போம். முதல் நாள் நாலு அடி. உட்கார்ந்துவிட்டாள். அடுத்த நாள் ஏழு. பிரபு ஆபீஸ் கிளம்பும்போது எங்களைத் தாண்டித்தான் போவான். என்னிடம் பேசமாட்டான். வழியை மறிக்காமல் நான் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் சொன்ன தனிச் செருப்பு வந்தது. அதற்குள் விரல் இருந்த இடத்தில் வைக்கப் பஞ்சுத் திண்டு கொடுத்தார்கள். அது கஸ்தூரிக்குப் பிடிக்கவில்லை. பழைய பனியன் துணியில் ஸ்பாஞ்சை வைத்து அவளே ஒன்று தைத்து என்னிடம் நீட்டினாள். தையல் உள்பக்கம் மேடாக இருந்தது, தோலில் உரசும். திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதையும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது திண்டு டாக்டரிடம் காட்டும் அளவுக்கு வந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

மற்றபடி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முன்பு மூன்று நாளைக்குத் தலைகீழாக நின்று செய்ததில் கால்வாசியை இப்போது எல்லா நாளும் செய்தோம். ஒரு கரண்டி சோறு குறைவு, காய் கூடுதல். சாப்பிட்ட கையோடு பத்து நிமிஷம் நடை. மாத்திரை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் வயதில் குனிந்து சொந்தப் பாதத்தைப் பார்க்க முடியாது. அதனால் ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்துப் பார்த்துவிடுவோம். விரலிடுக்கு, குதிகால், வெடிப்பு எல்லாம் பார்ப்பேன். ஆயிரக்கணக்கான சட்டை பார்த்த கண் எனக்கு. அந்தக் கண்ணை அவள் காலின் மேல் ஒரு தடவைகூட ஒழுங்காகத் திருப்பாமல் இருந்துவிட்டேனே என்று தினமும் மனசு அடித்துக்கொள்ளும்.

அந்தக் காலை

மூன்று மாதம் கழித்து மறுபடி லேப். இந்த முறை அந்த டெஸ்டும் சேர்த்து. முந்தின நாள் பேரன் பிறந்தநாள், கஸ்தூரி ஒரு துண்டு கேக் சாப்பிட்டிருந்தாள். சாப்பிட்டதைச் சாப்பிட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். பிரபு காரில் கொண்டுவந்து விட்டான். கதவைச் சாத்தும் முன், ரோடு தாண்டும்போது அம்மாவைப் பிடித்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றான். அத்தனை மாதத்தில் அவன் என்னிடம் பேசியது அன்றுதான்.

ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் அதற்கு மேல் சுமக்க முடியவில்லை. அந்த டெஸ்ட் தேவையில்லை என்று டாக்டர் சொல்லவில்லை, நான்தான் பொய் சொன்னேன், அதை அப்போதே எடுத்திருந்தால் உன் விரல் இருந்திருக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தேன்.

கஸ்தூரி பஞ்சைத் திருப்பி வைத்து அழுத்திக்கொண்டாள்.

“தெரியும்க்கா. இந்த லேப் பொண்ணு எங்கிட்டயும் சொல்லிச்சு, அப்பவே.”

தெரிந்தா இருந்தாய் என்று கேட்டேன்.

“உன் ஊட்டுக்காரர் பூட்டதுலருந்து நீ ஒருவாட்டி வயிறாரத் துன்னு நான் பாக்கல. இந்த ஒரு நாள்தான் துன்னே, சிரிச்சே. அத்த இன்னாத்துக்கு நான் கெடுக்கணும்?”

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்.

“முழுசா உனக்கோசரம்னு நெனச்சிக்காத. எனக்கும் நாக்கு கீதுல்ல.”

பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். இட்லி சாப்பிடலாம் வா, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வாசல் வரை நடந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். நான் பெஞ்சிலேயே இருந்தேன். எழுந்திருக்கத்தான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எனக்குக் கால் இருப்பதாகவே தெரியவில்லை. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

கஸ்தூரி திரும்பி வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். மூன்று விரல் காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு என்னை எழுப்பி நிறுத்தினாள்.